ஆறாவது ரிலே

போடிநாயக்கனூரில் அப்போது மலைப்பாதை அவசர உதவிப் பிரிவு என்று ஓர் அலுவலகம் இருந்தது. மலையில் மண் சரிந்தாலோ, ஏலத்தோட்டத்தில் யாருக்காவது உயிருக்கு ஆபத்தென்றாலோ ஓடிப்போய்க் கீழே இறக்கிக் கொண்டுவருவதற்காக ஏற்பட்ட அலுவலகம். அதற்கு ஓர் அலுவலர், ஒரு ஸ்டோர்கீப்பர், இரண்டு எழுத்தர்கள், ஒரு டிரைவர், ஒரு மெக்கானிக், எட்டுக் கடைநிலை ஊழியர்கள், ஒரு லாரி. லாரி, இராணுவம் ஓட்டித் தீர்த்துக் கொடுத்தது. நாலு சக்கரமும் இழுக்கும். ஜீப்பு மாட்டிக்கொள்ளும் சேற்றிலும் அது ஏறிவிடும் என்றார்கள். மூன்று வருஷமாக அது மலை ஏறவில்லை. யாரும் கூப்பிடவில்லையா, கூப்பிட்டும் போகவில்லையா என்பதை எழுதப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

ஆனால் தினமும் ஓடியது. காலை எட்டு மணிக்கு மணி அடிப்பார்கள். ஷெட்டுக்கு வெளியே சரிவின் மேட்டில் நிற்கும் லாரியின் பின்னால் எட்டு ஊழியர்களும் வரிசையாக வந்து கை வைப்பார்கள். டிரைவர் தவசி உள்ளே ஏறிக்கொள்வார். அலுவலர் வெள்ளைத்துரை படியில் நின்று கைக்குட்டையை அசைப்பார். எட்டுப் பேரும் தள்ள, லாரி சரிவில் உருண்டு, குலுங்கி, கரும்புகை கக்கிக் கிளம்பும். ஒரு சுற்றுச் சுற்றி மேட்டில் கொண்டுவந்து நிறுத்துவார் தவசி. வெள்ளைத்துரை விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துவிட்டு, ‘வண்டி ஓடியதா?’ என்ற கட்டத்தில் ‘ஓடியது’ என்று எழுதுவார். பிறகு எல்லாரும் டீ குடிக்கப் போவார்கள்.

எழுபத்தொன்பதில் அங்கே மெக்கானிக்காகச் சேர்ந்தவன் பேச்சிமுத்து. இருபத்திரண்டு வயது. பகலில் அலுவலகம், சாயங்காலம் தையல்கடை மாடியில் எலெக்ட்ரிகல் வகுப்பு. வகுப்பில் கேட்டதையும் வேலையில் கண்டதையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவைப்பான். மறுநாள் அதைப் படித்து, தப்பாக எழுதிவிட்டோமோ என்று ஓரத்தில் பென்சிலால் கேள்விக்குறி போடுவான்.

சேர்ந்த அன்றே தவசியிடம் கேட்டான்: “ஏண்ணே, செல்ஃப் ஸ்டார்ட் எடுக்காதா?”

“எடுக்கும்டா தம்பி. எட்டுப் பேரு சேந்து எடுப்பாக.”

“பேட்டரி வீக்கா?”

“பேட்டரி சிங்கக்குட்டி. ஆனா பொத்தான அமுக்குனா டிக்குன்னு ஒரு சத்தம் வரும், அம்புட்டுதான். நம்ம ஆபீசரு மாதிரி. ‘ஆகட்டும்பா’ன்னு சத்தம் வரும், மேக்கொண்டு ஒண்ணும் நடக்காது.”

அந்த டிக் சத்தம் பேச்சிமுத்துவை விடவில்லை. டேஷ்போர்டுக்குக் கீழே ஓர் இரும்புப் பெட்டி. திறந்தால் மூக்குப்பொடி டப்பா அளவில் ஆறு தகர டப்பாக்கள் வரிசையாகச் செருகியிருந்தன. ஆறும் ரிலே. பொத்தான் சின்னது, அது தாங்குகிற கரண்டும் சின்னது. ஸ்டார்ட்டருக்குப் போக வேண்டிய கரண்டு பெரியது. பொத்தான் ரிலேயிடம் சொல்லும், ரிலே பெரிய கரண்டைத் திறந்துவிடும். இது அவன் நோட்டில் பதினோராம் பக்கத்தில் இருந்தது. அதற்குக் கேள்விக்குறி இல்லை. ஆனால் ஆறில் எது எதற்கு? ஒவ்வொன்றின் தலையிலும் இராணுவம் அச்சடித்த நம்பர் இருந்திருக்க வேண்டும். போன வருஷம் ஆண்டுவிழாவுக்கு லாரிக்குச் சாம்பல் நிறம் அடித்தபோது, பெயிண்டர் பெட்டியையும் திறந்து ஆறு டப்பாக்களுக்கும் சேர்த்து அடித்துவிட்டிருந்தார். நல்ல கெட்டியான பெயிண்ட்.

பேச்சிமுத்து தவசியை உட்காரவைத்து, “ஹாரன் அடிங்கண்ணே” என்றான். ஆறு டப்பாவிலும் ஒவ்வொன்றாக விரல் வைத்தான். இரண்டாவது டப்பா விரலுக்கடியில் துடித்தது. இரண்டு, ஹாரன். பெரிய லைட்டுக்கு நாலாவது துடித்தது. இப்படியே ஆறுக்கும் ஆள் கண்டுபிடித்துச் சீட்டு ஒட்டினான். ஸ்டார்ட்டருக்கு முதல் டப்பா. அது துடித்தது, ஆனால் வெளியே போகிற வயரில் வைத்த டெஸ்ட் பல்பு எரியவில்லை. உள்ளே முனை கருகிப்போயிருந்தது. கடைசியாக மிஞ்சிய ஆறாவது, முன் பம்பருக்கு அடியில் இருந்த ஒரு குட்டி விளக்குக்கு. போர்க்காலத்தில் எதிரி விமானத்துக்குத் தெரியாமல் போவதற்காக இராணுவம் வைத்த மறைப்பு விளக்கு.

மூன்று தடவை சோதித்த பிறகும் சந்தேகத்தோடுதான் ஸ்டோருக்குப் போனான். ஸ்டோர்கீப்பர் திருப்பதி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“நம்பர் என்னப்பா?”

“பெயிண்ட்டுல மறைஞ்சிருச்சு சார். ஸ்டார்ட்டர் ரிலே.”

“பேரு சொன்னா கோயில்ல அர்ச்சனை பண்ணுவாக. ஸ்டோர்ல ஆணிகூட தர மாட்டாக. நம்பர் கொண்டா.”

“பெயிண்ட்ட சொரண்டிப் பாக்கட்டுமா?”

“சொரண்டுவியா? ஆணை போட்டு அடிச்ச பெயிண்ட்டுய்யா அது! இன்னொண்ணு கேளு. வண்டி தெனமும் ஓடுதுன்னு பதிவேடு சொல்லுது. ஓடுற வண்டிக்கு எதுக்கு ரிலே? குடுத்தா நாளைக்கு ஆடிட்டுல என்னைய தொங்கவிட்ருவான்.”

ஆவணியில் அவனுடைய அக்கா அன்னக்கொடி மலையிலிருந்து சந்தைக்கு இறங்கினாள். போடிமெட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு தோட்டத்தில் அவளும் புருஷன் ராமரும் ஏலக்காய் எடுத்தார்கள். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து உண்டாகியிருந்தாள். ஏழு மாதம். பஸ்ஸ்டாண்டில் நின்று பால்கோவா தின்றுகொண்டிருந்தவளிடம் பேச்சிமுத்து சொன்னான்:

“இப்பவே கீழ வந்துருக்கா. ஐப்பசி மழையில அங்கன இருக்க வேணாம்.”

“எப்படிடா வர? காய் முழுசும் எடுத்து முடிக்காம கங்காணி விட மாட்டான். பிள்ளைக்கு ஐப்பசி கடைசியிலதான் கணக்கு. அதுக்குள்ள வந்துருவேன்.”

“அதுக்கு முன்னாடி வலி வந்துட்டா?”

அவள் சிரித்தாள். “ஒன் லாரி எதுக்குடா இருக்கு? எந்தம்பி மெக்கானிக்கு, லாரியவே கொண்டாந்துருவான்னு லயத்து வீடு பூராம் சொல்லிவச்சிருக்கேன். மானத்த வாங்கிறாத, அப்பு.”

அன்று சாயங்காலம் வகுப்பில் அவன் ஒன்றும் எழுதவில்லை.

மறுநாள் வெள்ளைத்துரைக்கு மனுக் கொடுத்தான். மனு பெரியகுளத்திலிருந்த மேல் அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து ஒரு மாதம் கழித்து, அடையாளம் காணும் இரு நபர் குழுவாகத் திரும்பி வந்தது. ஒருவர் வெள்ளைத்துரை. மற்றவர் பெரியகுளத்திலிருந்து வந்த கட்டடப் பொறியாளர். அவர் ஸ்கேலால் ஆறு டப்பாவையும் தட்டிப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார்.

“ஆறும் ஒரே மாதிரி இருக்கே!”

“ஆமா சார். அதனாலதான் விரல் வச்சு…”

“ஒரே மாதிரி இருந்தா ஒண்ணு, ஆறும் நல்லாருக்கணும். இல்லேன்னா ஆறும் கெட்டிருக்கணும். ஹாரன் அடிக்குதா?”

“அடிக்குது சார்.”

“அப்ப ஆறும் நல்லாருக்கு.”

குழு அப்படியே எழுதிக் கையெழுத்திட்டு, இலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் போனது. நாம்தான் தப்பாகப் பார்த்துவிட்டோமோ என்று பேச்சிமுத்து அன்றைக்கு மறுபடி விரல் வைத்துப் பார்த்தான். முதல் டப்பா துடித்தது, பல்பு எரியவில்லை.

புரட்டாசி முதல் வாரம், ஒரு மதியம், அவன் முதல் டப்பாவையும் ஆறாவது டப்பாவையும் பிடுங்கி இடம் மாற்றிச் செருகினான். இரண்டு நிமிஷ வேலை. பொத்தானை அமுக்கினான். மூன்று வருஷத்தில் முதல்முறையாக லாரி தானாகக் கிளம்பியது. தவசி பீடியைக் கீழே போட்டுவிட்டு, “அடப்பாவி மக்கா!” என்றார்.

மறுநாள் காலை எட்டு மணி. எட்டுப் பேரும் கை வைத்தார்கள். கைக்குட்டை அசைந்தது. அவர்கள் மூச்சை இழுத்துத் தள்ளுவதற்குள் லாரி அவர்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. இரண்டு பேர் குப்புற விழுந்தார்கள். வெள்ளைத்துரைக்குச் சல்யூட் அடிக்கக் கை எழவில்லை.

“யாரு தள்ளுனது?” என்றார்.

“யாரும் தள்ளல சார். அதுவாக் கெளம்பிருச்சு.”

“அதுவா எப்படிக் கெளம்பும்? யாரக் கேட்டுக் கெளம்புச்சு?”

எட்டு ஊழியர்களில் மூத்தவரான அமாவாசை முழங்கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். “நாங்க மூணு வருசமா பாத்த சோலி சார். ஒரே நாள்ல ஒண்ணுமில்லாமப் போச்சு. இப்படியே விட்டா நாளைக்கு எங்க எட்டுப் பேரையும் எதுக்குன்னு கேப்பாக.”

லாரி ஏன் கிளம்பியது என்று விசாரணை நடந்தது. பேச்சிமுத்து ஒளிக்கவில்லை. ஒளிக்கத் தெரியாது என்பதுதான் சரி. வெள்ளைத்துரை கறுப்புக்குடை ஒன்றை வரவழைத்து, பம்பருக்கு முன்னால் குத்துக்காலிட்டு, குடையைத் தலைக்குமேல் கவிழ்த்துக்கொண்டு மறைப்பு விளக்கைப் பார்த்தார். பட்டப்பகலில் அதற்குமேல் இருட்டு கிடைக்கவில்லை. விளக்கு எரியவில்லை.

எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தி அவர் பேசினார்.

“இந்த விளக்கு எதுக்கு? எதிரி விமானத்துக்கு நாம தெரியாம இருக்கிறதுக்கு. எதிரி எப்ப வருவேன்னு நமக்குக் கடுதாசி போட்டுட்டா வருவான்? நாளைக்கே போடிமெட்டு மேல வந்து நின்னான்னா, நம்ம லாரி அவன் கண்ணுல படும். பட்டா யாரு பதில் சொல்றது? இந்த மெக்கானிக்கா? நானு! மூணு வருஷமா போடி ஆகாயத்துல ஒரு எதிரி விமானம் வரலைன்னா அது யாரால? இந்த அலுவலகத்தோட தயார் நிலையால. அதக் கெடுக்க நான் விட மாட்டேன்.”

“சார்,” என்றான் பேச்சிமுத்து. “மழை வரப்போகுது. மலையில ஆளுங்க இருக்காங்க. ஆத்திர அவசரத்துக்கு வண்டி கெளம்பணும் சார். எங்க அக்காவே அங்க…”

“அவசரம்னா முறைப்படி கெளம்பும்பா. எட்டுப் பேரு எதுக்கு இருக்காங்க?”

இரண்டு டப்பாக்களும் அதனதன் இடத்துக்குத் திரும்பின. பெட்டிக்குக் கம்பி கட்டி, ஈய முத்திரை வைத்தார்கள். இரு நபர் குழுவின் முன்னிலையில் மட்டுமே முத்திரையை உடைக்கலாம் என்று ஒரு சீட்டும் ஒட்டப்பட்டது. கடைசியில் மூடிய அந்தப் பெட்டியின் வெளியே படிக்க முடிந்த எழுத்து அது ஒன்றுதான்.

ஐப்பசி பிறந்து மூன்றாம் நாள், தீபாவளிக்கு முந்தின தினம். விடியலிலிருந்தே மலை தெரியவில்லை; அந்த அளவுக்கு மழை. பெயிண்ட் நனையக்கூடாது என்று காலை ஓட்டத்தை ரத்துசெய்து, முந்தின நாளே லாரியை ஷெட்டுக்குள் நிறுத்தச் சொல்லியிருந்தார் வெள்ளைத்துரை. எட்டுப் பேரில் ஐந்து பேர் பண்டிகை விடுப்பு.

பன்னிரண்டேகால் மணிக்கு போடிமெட்டு சோதனைச்சாவடியிலிருந்து போன் வந்தது. பேச்சிமுத்துதான் எடுத்தான்.

“தோட்டத்துப் பொம்பள ஒண்ணு, அன்னக்கொடின்னு. விடியக்காலத்துல இருந்து வலி. பிள்ள கொடி சுத்திக் கெடக்குன்னு மருத்துவச்சி சொல்றா, ரத்தம் நிக்கல. ரெண்டு எடத்துல மண்ணு சரிஞ்சு கெடக்கு, ஜீப்பு வராது. கம்பளியில கட்டித் தூக்கிக்கிட்டு எறங்கிட்டாக. ஒங்க லாரி வெரசா வந்தா பாதி வழியிலயாவது ஏத்திக்கலாம்.”

தவசியும் அவனும் மிச்சமிருந்த மூன்று ஊழியர்களும் இரண்டு எழுத்தர்களும் லாரியைத் தள்ளினார்கள். ஷெட்டின் தரை சமதளம், வாசலில் மேடு. சேற்றில் கால் வழுக்கியது. திருப்பதி ஸ்டோரைப் பூட்டிவிட்டு ஓடிவந்து தோள் கொடுத்தார். லாரி ஒரு முழம் முன்னால் போய், ஒரு முழம் பின்னால் வந்தது.

பேச்சிமுத்து அலுவலர் அறைக்கு ஓடினான்.

“சார், பெட்டியத் தொறக்கணும். ரெண்டு நிமிசம் சார். ஆறாவதப் பிடுங்கி மொதல்ல மாட்டுனா போதும்.”

வெள்ளைத்துரை பதறித்தான் போனார். கெட்ட மனிதர் அல்ல. “அய்யோ, செய்வோம்பா, கண்டிப்பா செய்வோம். ஒரு மனு எழுதிக்குடு, ஒடனே அனுமதி போடுறேன். மேல ‘மிக அவசரம்’னு எழுது.”

அந்த இடத்தில் பேச்சிமுத்து வெளியே போய் முத்திரையை உடைத்திருக்கலாம். பின்னாளில் அவன் நினைத்து நினைத்துப் பார்த்தது அந்த இடத்தைத்தான். ஆனால் அன்றைக்குக் கிளம்பியது தற்செயலாக இருந்து, இன்று உடைத்தும் லாரி கிளம்பாமல் போனால்? குழுவே ஆறும் நல்லது என்று எழுதியிருக்கிறதே? அவன் உட்கார்ந்து மனு எழுதினான். எழுத்துத் தெளிவாக இருந்தது.

வெள்ளைத்துரை படித்தார். “‘என் அக்கா’ன்னு எழுதியிருக்கியே. சொந்தக்காரங்களுக்கு அரசு வண்டியான்னு கேப்பாங்கப்பா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். ‘பயனாளி’ன்னு எழுது.”

அவன் இன்னொரு தாளில் மறுபடி எழுதினான். அக்கா என்று வந்த நாலு இடத்திலும் பயனாளி என்று எழுதினான். வெள்ளைத்துரை கையெழுத்திட்டார். பிறகு குழுவின் இரண்டாவது நபரின் சம்மதத்துக்காகப் பெரியகுளத்துக்கு டிரங்க் கால் போட்டார்கள். லைன் கிடைக்கக் காத்திருந்தார்கள். கிடைத்தபோது, பொறியாளர் பண்டிகைக்கு ஊருக்குப் போய்விட்டதாக ஒரு வாட்ச்மேன் சொன்னார்.

“அப்ப நான் ஒருத்தன் என்னப்பா செய்யட்டும்?” என்று வெள்ளைத்துரை கேட்டார். கண் கலங்கியிருந்தது. “ரெண்டு பேருன்னு நானேதான் எழுதி ஒட்டுனேன்.”

பேச்சிமுத்து கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு போய்க் கம்பியை வெட்டினான். இரண்டு டப்பாவையும் பிடுங்கி மாற்றினான். பொத்தானை அமுக்கியதும் லாரி கிளம்பியது. கடிகாரத்தில் மணி ஒன்றேகால்.

அடிவாரத்து முந்தலைத் தாண்டி லாரி மலை ஏறியது. நாலு சக்கரமும் இழுக்கும் என்று சொன்னது உண்மைதான். முதல் மண்சரிவை அது எருமை மாதிரி மிதித்து ஏறியது. இரண்டாவதிலும் ஏறியது. தவசி ஸ்டியரிங்கோடு பேசிக்கொண்டே வந்தார்: “ஏறு ஆத்தா, ஏறு. மூணு வருசம் தின்னுட்டுச் சும்மா கெடந்தேல்ல, ஏறு.” ஹாரனை விடாமல் அடித்தார். மேலே இருப்பவர்களுக்குக் கேட்கட்டும் என்று.

ஏழாவது வளைவில் அவர்களைப் பார்த்தார்கள். ஏழெட்டுப் பேர். மூங்கிலில் கட்டிய கம்பளித் தூளியைப் பாறைக்கடியில் இறக்கி வைத்திருந்தார்கள். யாரும் அவசரப்படவில்லை. லாரியைப் பார்த்துக் கையசைக்கவும் இல்லை. தவசி ஹாரனிலிருந்து கையை எடுத்தார்.

பேச்சிமுத்து இறங்கினான். ராமர் பாறையில் சாய்ந்து நின்றிருந்தார். தோள் இரண்டும் மூங்கில் உரசிச் சிவந்திருந்தது. தோட்டத்து மலையாளத்து ஆள் ஒருவர் தலையிலிருந்த துண்டை எடுத்துக்கொண்டு, “இப்பத்தான் சாரே. அர மணிக்கூர்கூட ஆகலை” என்றார்.

கம்பளியை விலக்கிப் பார்க்க அவனுக்குக் கை வரவில்லை. ஒரு கால் வெளியே தெரிந்தது. மெட்டி மட்டும் மழையில் கழுவிச் சுத்தமாக இருந்தது.

“ஹாரன் சத்தம் கேட்டுச்சு மாப்ளே,” என்றார் ராமர். “அவளுக்குக் கேக்கல. மேல பத்தாவது வளைவு வரைக்கும் ‘தம்பி லாரி வந்துருச்சா, தம்பி லாரி வந்துருச்சா’ன்னு கேட்டுக்கிட்டே வந்தா. வந்துருச்சு வந்துருச்சுன்னு நாங்களும் சொல்லிக்கிட்டே வந்தோம்.”

பிறகு அவர் கேட்டார்: “செய்தி எப்ப கெடச்சுச்சு?”

“பன்னெண்டேகாலுக்கு மச்சான்.”

“எப்ப கெளம்புனீக?”

“ஒண்ணேகாலுக்கு.”

“ஒரு மணி நேரம் என்ன சோலி பாத்தீக?”

கேள்வியில் கோபமில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பேச்சிமுத்துவால், மனு எழுதினேன் என்று அந்த மழையில், அந்தக் கம்பளிக்குப் பக்கத்தில் நின்று சொல்ல முடியவில்லை. “தள்ளிக்கிட்டு இருந்தோம் மச்சான்” என்றான். அதுவும் உண்மைதான்.

லாரியில் ஏற்றி இறக்கினார்கள். சொந்த ஊரான சிலமலையில், அப்பாவுடைய நிலத்துக்குப் பக்கத்தில் காரியம் முடிந்தது.

பத்து நாள் கழித்து அவன் வேலைக்கு வந்தபோது லாரி வெயிலில், மேட்டில் நின்றது. புது முத்திரை பளபளத்தது. காலை எட்டு மணிக்கு எட்டுப் பேரும் தள்ளினார்கள். அமாவாசை மட்டும் அவனைப் பார்க்காமல் தள்ளினார். முத்திரையை உடைத்ததற்கு விளக்கம் கேட்டு மேஜையில் ஒரு மெமோ இருந்தது. வெள்ளைத்துரை அவனை அறைக்குக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். ஊழியர்கள் யாரையும் அவர் அங்கே உட்காரச் சொன்னதில்லை.

“மெமோவ நெனச்சு வருத்தப்படாத. அது முறைக்கு. நான் மேல எழுதிச் சரிக்கட்டிட்டேன்.” அவர் ஒரு பெரிய படிவத்தை அவன் பக்கம் திருப்பினார். “மாதாந்திர அறிக்கை. இந்தா பாரு, ‘மலையிலிருந்து வாகனத்தில் இறக்கப்பட்டோர்’. மூணு வருஷமா இந்தக் கட்டத்துல சைபர் போட்டுப் போட்டு, பிரிவையே மூடிரலாமான்னு மேலிடத்துல பேச்சு. இந்த மாசம் ஒண்ணு. உன்னால. உங்க அக்கா ஆத்மா சாந்தியடையும்பா. வண்டியோட போனவன்னு நீ ஒரு கையெழுத்துப் போடணும்.”

பேச்சிமுத்து படிவத்தைப் பார்த்தான். உயிரோடா இல்லையா என்று கேட்க அதில் கட்டம் இல்லை. ஒன்று என்று அழகாக எழுதியிருந்தது.

“தப்பா இருக்கு சார்.”

“என்னப்பா தப்பு?”

“ரெண்டு சார்.”

“ரெண்டா?” வெள்ளைத்துரை கண்ணாடியைச் சரிசெய்தார். “நெசமாவா?”

“ரெண்டு. எட்டு வருசம் கழிச்சு…”

வெள்ளைத்துரை அதற்குள் பேனாவைத் திறந்திருந்தார். ஒன்றை அடித்து இரண்டு என்று எழுதினார். திருத்தத்துக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்து, மை காய ஊதினார்.

“நல்லவேளை பாத்துச் சொன்னே,” என்றார். “இந்தத் தடவை நாமதான் ஜில்லாவுலயே முதல்.”